பதினெட்டு கேஜ் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

மண்ணடியில் தகடு விற்கும் கடைக்குப் போய் "அண்ணே, 18 கேஜ் ஷீட் இருக்கா?" என்று கேட்டால், "எம்.எம்.ல சொல்லுங்க தம்பி" என்பார்கள். நாலு கடை தள்ளி, வேலிக்கம்பி விற்பவரிடம் "3.25 எம்.எம். கம்பி" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி யோசித்துவிட்டு, "பத்தாம் நம்பர்தானே?" என்பார். பீரோ கடைக்காரர் 20 கேஜுக்கு ஒரு விலை, 22 கேஜுக்கு ஒரு விலை சொல்வார். பழைய எலக்ட்ரீஷியன் 'செவன் டுவென்டி' ஒயர் வாங்கி வரச் சொல்வார். கடையில் அது 4 ஸ்கொயர் எம்.எம். என்று கைக்கு வரும். கேட் அடிக்கும் பட்டறைக்காரர் பட்டையை 'ரெண்டு நூல்' என்பார்.

அம்பத்தூரில் ஒரு தகட்டுப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இத்தனை பாஷையும் ஒரே வாரத்தில் காதில் விழுந்தது. தகடு, கம்பியின் தடிமனைச் சொல்லும் இந்த எண்களில் எது எதற்குச் சமம் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இப்போது ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களுக்கும், வீடு கட்டத் தொடங்கி இரும்புக் கடை ஏறி இறங்குகிற உறவுக்காரர்களுக்கும் நான் சொல்லித்தரும் வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த கேஜ்?

கேஜ் எண் கூடக்கூடத் தடிமன் குறையும். புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். காரணம் தெரிந்தால் மறக்காது. சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைக்குள் எட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், வரிசையாகத் துளை போட்ட இரும்புக் கம்பி அச்சைப் பார்த்திருப்பீர்கள். தங்கக் கம்பியைப் பெரிய துளையில் இழுத்து, அடுத்த சின்னத் துளையில் இழுத்து, இப்படியே மெல்லியதாக்குவார்கள். இரும்புக் கம்பி ஆலையிலும் கதை அதேதான். எத்தனை முறை இழுத்தார்களோ அதுவே கம்பிக்கு நம்பர் ஆனது. அதிகம் இழுபட்டது மெலிந்தது; அதன் எண் பெரியது.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வோர் ஊர்க்காரனும் தன் அச்சுக்குத் தக்கபடி எண் வைத்துக்கொண்டான். இங்கிலாந்தில் 1884-இல்தான் ஒரே அட்டவணையைச் சட்டமாக்கினார்கள். அதுதான் எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது ஸ்டாண்டர்ட் ஒயர் கேஜ். பிரிட்டிஷ் ஆட்சியில் நமக்கு வந்ததும் அதுவே. சென்னைக் கடையில் யாராவது வெறுமனே 'கேஜ்' என்றால் அநேகமாக இதைத்தான் சொல்கிறார். அமெரிக்காவில் 1857-இல் பிரௌன் அண்ட் ஷார்ப் நிறுவனம் கொண்டுவந்த ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கன் ஒயர் கேஜ்) வேறு, அது செம்பு ஒயருக்கு. அமெரிக்க எஃகுத் தகட்டுக்கு இன்னோர் அட்டவணை. அங்கேயே துத்தநாகம் பூசிய தகட்டுக்கு மற்றோர் அட்டவணை.

இதே 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.டபிள்யூ.ஜி.யில் 1.22 மி.மீ. அமெரிக்க எஃகுத் தகட்டில் 1.21, கிட்டத்தட்ட ஒன்றே. பூச்சுத் தகட்டில் 1.31. அமெரிக்க ஒயரில் 1.02. ஆக, 18-இல் முதல் இரண்டும் ஒத்துப்போவதை மட்டும் பார்த்துவிட்டு 'இரண்டும் ஒன்றுதான்' என்று முடிவுகட்டினால் 16-இல் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மின்சாதனப் பெட்டி செய்தோம். வரைபடத்தில் '16 கேஜ்' என்று மட்டும் இருந்தது. நான் நம் ஊர்க் கணக்கில் 1.6 மி.மீ. தகடு எடுத்து வெட்டக் கொடுத்துவிட்டேன். அவர்கள் நினைத்தது 1.52. பக்கத் தகடு 1.7 மி.மீ. பள்ளத்தில் சறுக்கி உட்கார வேண்டும். பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 70 மைக்ரான் ஏறியது (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.14. 1.52-க்குக் கூட்டினால் 1.66, உள்ளே போயிருக்கும். எங்கள் தகடு 1.74. ஒன்றுகூட நுழையவில்லை. அத்தனை தகட்டையும் ஓரம் சுரண்டி, மறுபடி பெயின்ட் அடித்து அனுப்பினோம். அன்றிலிருந்து வரைபடத்தில் கேஜ் என்று கண்டால், "எத்தனை மி.மீ.?" என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் தகட்டில் கை வைப்பேன்.

இடையில் ஒன்று. பாலித்தீன் ஷீட் விற்பவரும் 'கேஜ்' என்பார். அது முற்றிலும் வேறு சாதி: அங்கே எண் கூடினால் தடிமன் கூடும். 100 கேஜ் என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 25 மைக்ரான். 200 கேஜ் என்றால் 50 மைக்ரான்.

நூல் கணக்கு இதைவிட எளிது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. ரெண்டு நூல் பட்டை 6 மி.மீ., மூணு நூல் கம்பி 10 மி.மீ. என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். 10 கேஜ் 3.25 மி.மீ. என்பதால், ஏறக்குறைய ஒரு நூலில் கேஜ் பாஷை முடிந்து நூல் பாஷை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்

முழு அட்டவணையை யாரும் தலையில் வைத்திருப்பதில்லை. பட்டறையில் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. எண்கள் இவை, மில்லிமீட்டரில்:

8 – 4.06
10 – 3.25
12 – 2.64
14 – 2.03
16 – 1.63
18 – 1.22
20 – 0.91
22 – 0.71
24 – 0.56
26 – 0.46

இதிலும் பதினாலுக்கு இரண்டு, பதினாறுக்கு ஒன்று புள்ளி ஆறு, பதினெட்டுக்கு ஒன்று புள்ளி இரண்டு, இருபதுக்குப் புள்ளி ஒன்பது என்று நான்கைப் பிடித்துக்கொண்டால் தகட்டுக் கடையில் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் கிடைக்கும் தகடு 0.8, 0.9, 1.0, 1.2, 1.6, 2.0 என்று மெட்ரிக் அளவில்தான் ஆலையிலிருந்து வருகிறது. எடைகளுக்கும் அளவைகளுக்கும் மெட்ரிக் முறையை நம் நாடு 1956-இலேயே சட்டமாக்கிவிட்டது. ஆகவே '20 கேஜ்' என்று கேட்டால் ஒரு கடையில் 0.9 வரும், மற்றொன்றில் 1.0 வரும், அவசரக்காரர் கையில் 0.8 வரும். மூவரும் பில்லில் 20 என்றே எழுதுவார்கள். மூவரையும் பொய்யர் என்று சொல்லவும் முடியாது.

இரண்டாம் படி: எதை வைத்து அளப்பது

மூன்று கருவிகள் உண்டு. வட்டத் தட்டில் ஓரமெல்லாம் வெட்டுப் போட்ட கேஜ் பிளேட் ஒன்று. விலை குறைவு, பையில் போட்டுக்கொள்ளலாம். புதியவர் செய்யும் தவறு, வெட்டின் அடியில் இருக்கும் வட்டத் துளைக்குள் கம்பியை விட்டுப் பார்ப்பது. அந்தத் துளை அளப்பதற்கு இல்லை. கம்பி வெளியே வர இடம் விடுவதற்கு. குறுகலான வெட்டில், அழுத்தாமல் உரசிக்கொண்டு போகிற இடம் எதுவோ அதுதான் எண். வாங்கும்போது தட்டின் முகத்தில் எந்த அட்டவணை என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் பொறிக்காததை வாங்காதீர்கள்.

இரண்டாவது வெர்னியர் காலிப்பர். நீளம் அகலம் பார்க்க அருமையான கருவி. தகட்டின் தடிமனுக்கு நான் அதை நம்புவதில்லை. தகட்டின் ஓரத்தில் வெட்டுப் பிசிறு நிற்கும். காலிப்பரின் நீண்ட தாடை அந்தப் பிசிறின் மேல் உட்கார்ந்து 1.0 தகட்டை 1.1 என்று காட்டும். சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவே, அதாவது அதில் படிக்க முடிகிற மிகச் சின்ன அளவே, 0.02 மி.மீ. 0.9-க்கும் 1.0-க்கும் நடுவில் சண்டை வரும்போது அதை வைத்துக்கொண்டு பேச முடியாது.

மூன்றாவது மைக்ரோமீட்டர். இது இருந்தால் மற்ற இரண்டும் இல்லாமல் சமாளிக்கலாம். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவி என்று பார்த்திருப்பீர்கள். 'சுழிப்பிழை' பார்த்துக் குறித்த அதே கருவி. ஆனால் ஒரு வித்தியாசம். பள்ளியில் இருந்தது பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும், தலைக்கோலில் 100 பிரிவு இருக்கும். கடையில் விற்கும் மைக்ரோமீட்டர் ஒரு சுற்றுக்கு அரை மி.மீ.தான் நகரும், பிரிவு 50. இரண்டிலும் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.தான். அந்த அரை மி.மீ. கோட்டைக் கவனிக்காமல் விட்டால், 1.72 மி.மீ. தகட்டை 1.22 என்று படித்துவிடுவீர்கள். ஐ.டி.ஐ. பையன்களில் பாதிப் பேர் முதல் வாரத்தில் இதைச் செய்கிறார்கள். ஒரு பையன் நாள் முழுக்க வந்த தகட்டையெல்லாம் '18 கேஜ்' என்று எழுதிவைத்து, லோடு கொண்டுவந்த டிரைவரோடு சண்டைக்கே போய்விட்டான்.

மூன்றாம் படி: அளக்கும் விதம்

மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் கடிக்கவைத்து இழுங்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயும் தூசியும் காகிதத்தோடு வந்துவிடும். பிறகு மூடி, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். 0.02 அதிகம் காட்டினால் ஒவ்வோர் அளவிலும் 0.02 கழிக்க வேண்டும். குறைவாகக் காட்டினால் கூட்ட வேண்டும்.

தகட்டின் ஓரத்திலிருந்து ஒரு அங்குலமாவது உள்ளே போய் அளங்கள். உருளையில் வந்த தகட்டின் ஓரம் நடுவைவிடச் சற்று மெலிந்திருக்கும். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருக்கும். இரண்டு பொய்யும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். கைப்பிடி முனையில் இருக்கும் ராட்செட்டைத் திருப்பி, 'டக் டக் டக்' என்று மூன்று சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். ராட்செட்டை விட்டுவிட்டு மைக்ரோமீட்டரின் உருளையைப் பிடித்து இறுக்கினால் அலுமினியத் தகட்டில் பள்ளமே விழும். மூன்று இடத்தில் அளந்து மூன்றையும் எழுதிவையுங்கள், சராசரி பிறகு.

கம்பியென்றால் முதலில் நேராக்குங்கள். ஓர் இடத்தில் அளந்துவிட்டு, கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி அதே இடத்தில் மறுபடி அளங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்பி உருண்டையாக இல்லை, நசுங்கியிருக்கிறது.

பெயின்ட் அடித்த பீரோவை அளப்பவர்கள், உள்பக்கம் கண்ணில் படாத இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். 18 கேஜுக்கும் 20 கேஜுக்கும் எடையில் வித்தியாசம் கால் பங்குதான். ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறி இறங்கும். 1.22 தகட்டின் விறைப்பு நூறு என்றால் 0.91 தகட்டுக்கு நாற்பத்திரண்டு. கதவைத் தட்டினால் ஒன்று 'தொம்' என்கிறது, மற்றொன்று 'தகர தகர' என்று அதிர்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

கூரைத் தகடு வாங்குபவர்களுக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. மொட்டைமாடியில் ஷெட் போடும் கலர் ஷீட்டில் '0.50' என்று அச்சிட்டிருந்தால், அது வெறும் இரும்பின் தடிமனா, பூச்சும் பெயின்டும் சேர்த்த தடிமனா? அலுமினியம்-துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 40 மைக்ரான். பெயின்ட் மேலும் கீழும் சேர்த்து 35 வரை வரும். கழித்தால் இரும்பு 0.42-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். காற்றைத் தாங்குவது இரும்பு. 2016 டிசம்பரில் வர்தா புயல் நம் தெருக்களில் எத்தனை கூரைத் தகட்டைப் பிய்த்துப் போட்டது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. "மொத்தத் தடிமனா, அடித்தகடு மட்டுமா?" என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: தராசை வைத்துச் சரிபார்ப்பது

கருவி கையில் இல்லாத நாளிலும் இது உதவும். இரும்புத் தகடு 1 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. எட்டுக்கு நாலு தகடு, 2440-க்கு 1220 மி.மீ., ஒரு மி.மீ. தடிமனுக்கு 23.4 கிலோ வரும். எடைமேடையில் தகடு 21 கிலோ காட்டினால், 21-ஐ 23.4-ஆல் வகுங்கள்: 0.9. ஒரே தகட்டைப் போடாமல் பத்துத் தகட்டை மொத்தமாகப் போட்டுப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடையில் 'எட்டுக்கு நாலு' என்பதற்கு 2500-க்கு 1250 தகடும் கைக்கு வரும். அதற்கு 1 மி.மீ.க்கு 24.5 கிலோ. எடை போடுவதற்கு முன் டேப் பிடியுங்கள்.

கம்பிக்கு, கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரமே போதும்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில். 10 கேஜ் வேலிக்கம்பி 100 மீட்டர் 6.5 கிலோ. 12 கேஜ் என்றால் 4.3. செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கிக் கம்பிவேலி போடுபவர்கள், 10 என்று பேசிவிட்டு 12-ஐ இறக்கினால் மூன்றில் ஒரு பங்கு இரும்பு காணாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிலோ கணக்கில் வாங்குகிறோமா, தகட்டுக் கணக்கில் வாங்குகிறோமா என்பதைப் பொறுத்து நஷ்டம் வரும் திசையும் மாறும். தகட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் மெலிந்த தகடு நமக்கு நஷ்டம். கிலோவுக்கு இவ்வளவு என்றால் தடித்த தகடு நஷ்டம்; ஒரு டன் காசுக்குத் தகட்டின் எண்ணிக்கை குறைந்துவிடும். இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் தடித்ததைக் கொடுத்தால் நல்லது செய்ததாகத் தோன்றுகிறது.

மின் ஒயருக்குத் தனிக் கணக்கு

'செவன் டுவென்டி' என்றால் 20 கேஜ் கம்பி ஏழு இழை. ஓர் இழை 0.914 மி.மீ.; குறுக்குப் பரப்பு 0.656 சதுர மி.மீ.; ஏழால் பெருக்கினால் 4.6. அதனால்தான் கடைக்காரர் 4 ஸ்கொயர் எம்.எம். எடுத்துத் தருகிறார். 'செவன் டுவென்டி டூ' கணக்கில் 2.8 வரும், கைக்கு வருவது 2.5. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் அச்சு அசலான பொருத்தம் கிடையாது. பழைய வீட்டில் இருப்பதை மாற்றும்போது பக்கத்து எண்ணில் எது என்று எலக்ட்ரீஷியனிடம் மின் லோடு சொல்லித்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது வரும் ஃபிளெக்சிபிள் ஒயரை அளக்க, உறையைச் சீவி இழைகளை எண்ணுங்கள். 1.5 ஸ்கொயர் எம்.எம். என்றால் வழக்கமாக 0.3 மி.மீ. இழை 22. 2.5 என்றால் 36. 4 என்றால் 56. இழையொன்றை மைக்ரோமீட்டரில் வைத்து 0.3 வருகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து இழை 0.27 ஆக இருந்தால் செம்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் ஒயர் வாங்குபவர்கள் மட்டும் நம்பர் ஏ.டபிள்யூ.ஜி.யா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 24 அங்கே 0.51 மி.மீ., எஸ்.டபிள்யூ.ஜி.யில் 0.56.

தரக்கட்டுப்பாடு விட்டத்தைவிட மின்தடையைத்தான் பார்க்கிறது. 1.5 ஸ்கொயர் எம்.எம். ஃபிளெக்சிபிள் செம்பு ஒயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 13.3 ஓம் உச்ச வரம்பு. 90 மீட்டர் சுருளுக்கு அது 1.2 ஓம். நம் மே மாதத்து 35 டிகிரியில் அதே சுருள் 1.27 வரை காட்டலாம், பயப்பட வேண்டாம். மல்டிமீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் ஓமைக் கழிக்க மறக்காதீர்கள்.

ஃபேன் மோட்டார் காயில் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எனாமல் கம்பியில் மைக்ரோமீட்டர் காட்டுவது எனாமலோடு சேர்த்த விட்டம். எனாமலைச் சுரண்டிவிட்டு அளங்கள். 35 கேஜ் 0.213 மி.மீ., 36 கேஜ் 0.193. முடியளவு வித்தியாசம்தான், ஆனால் செம்பின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கருவியில்லாவிட்டால் பென்சில் மேல் நாற்பது சுற்று நெருக்கிச் சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் பார்த்து நாற்பதால் வகுக்கலாம். எனாமலும் கணக்கில் சேர்ந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

கடைசியாக, ஆர்டர் எழுதுவது

'18 கேஜ் ஷீட் 10' என்று எழுதாதீர்கள். 'சி.ஆர். தகடு, 1.2 மி.மீ., 2500-க்கு 1250, 10 தகடு. ஓரத்திலிருந்து 25 மி.மீ. உள்ளே அளக்கப்படும், 1.15-க்குக் குறைந்தால் ஏற்க மாட்டோம்' என்று எழுதுங்கள். சி.ஆர். என்றால் சூடுபடுத்தாமல் உருட்டிய (கோல்ட் ரோல்டு) தகடு. ஆலைக்கும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. ஆகவே உங்கள் வரம்பை வாங்குவதற்கு முன்பே கடைக்காரரோடு பேசி முடிவுசெய்யுங்கள், லோடு இறங்கிய பிறகு வேண்டாம். "இவ்வளவு எழுதணுமா சார்?" என்று கேட்பார்கள். இரண்டாவது ஆர்டரிலிருந்து கேட்க மாட்டார்கள்.

மைக்ரோமீட்டரை வேலை முடிந்ததும் மெல்லிய எண்ணெய் தடவி, இரண்டு முகமும் ஒட்டாமல் ஒரு நூலிழை இடைவெளி விட்டுப் பெட்டியில் வையுங்கள். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பட்டறை என்றால் எண்ணெய் இன்னும் கொஞ்சம் தாராளமாக. இறுக்கி மூடி வைத்த ஒன்று கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் முகத்தோடு முகம் துருப்பிடித்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.